ஒரு வட்டு போனாலும் சர்வர் ஓட வேண்டும்: எம்டிஏடிஎம் கொண்டு மிரர் அமைக்கும் வழி

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதிவைத்து, ஒன்று பழுதாகும்போது மற்றொன்றைக் கொண்டு வேலையைத் தடையின்றித் தொடரும் ஏற்பாட்டுக்கு மிரர் என்று பெயர். பெர்க்லியில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வட்டுத் தொகுப்புகளை நிலை நிலையாக வகுத்து எண்ணிட்டபோது முதல் நிலையாக நின்றது இதுதான். அதனால்தான் இன்றும் இதை ரெய்ட் 1 என்கிறோம். லினக்ஸில் இதற்குத் தனியாக எந்தக் கார்டும் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கும் எம்டி என்ற பகுதி இந்த வேலையைச் செய்கிறது. அதை ஆளும் கட்டளைவரிக் கருவிதான் நீல் பிரவுன் 2001இல் எழுதிய எம்டிஏடிஎம்.

மிரரை உருவாக்கும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் மிரர் வைத்திருந்தும் தரவை இழந்தவர்களின் கதையைக் கேட்டால், அந்த வரியில் தவறியவர்கள் குறைவாகவே இருப்பார்கள். எந்த வட்டு எது என்று தெரியாமல் நல்ல வட்டைக் கழற்றியவர்களும், ஒரு பாதி செத்துப் பல மாதம் ஆகியும் அதை அறியாமல் இருந்தவர்களுமே அதிகம். ஆகவே இக்கட்டுரை உருவாக்கும் வரியைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றில் கூடுதலாக நின்று செல்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிரர் பேக்கப் ஆகாது. நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிப்பும் இரண்டு வட்டுகளிலும் அதே கணத்தில் நடந்துவிடும். வட்டுப் பழுது என்ற ஒரே ஒரு ஆபத்திலிருந்து மட்டுமே மிரர் காக்கும். பேக்கப்பை வேறு இயந்திரத்தில், வேறு இடத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளைகளை எழுதியுள்ள முறை பற்றியும் ஒரு சொல்: இங்கே அவற்றை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடங்களைத் தனியே குறிப்பிடுகிறேன். பெரும்பாலான கட்டளைகளுக்கு ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் தேவை என்பதால் முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொய் வட்டுகளில் பழகுங்கள்

உண்மையான வட்டைத் தொடுவதற்கு முன், சாதாரணக் கோப்புகளையே வட்டுகளாக நடிக்கவைத்து ஒருமுறை முழுச் சுற்றையும் செய்து பார்த்துவிடுவது நல்லது. இதற்கு அரைமணி நேரம் போதும். செலவு எதுவும் இல்லை. ட்ரங்கேட் கட்டளையால் ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவுள்ள இரண்டு வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். பிறகு லோசெட்டப் கட்டளையை ஃபைண்ட், ஷோ என்ற இரு விருப்பங்களோடு ஒவ்வொரு கோப்பின்மீதும் ஓட்டுங்கள். அது கோப்பை ஒரு லூப் சாதனமாக மாற்றி, கிடைத்த பெயரைத் திரையில் காட்டும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உபுண்டு போன்ற அமைப்புகளில் ஸ்னாப் பொதிகள் ஏற்கெனவே பல லூப் எண்களைப் பிடித்திருக்கும் என்பதால், உங்களுக்கு 0, 1 கிடைக்காமல் 14, 15 கிடைக்கக்கூடும்.

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி9 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 /டெவ்/லூப்14 /டெவ்/லூப்15

இப்போது எம்டி9 என்ற பெயரில் ஒரு மிரர் பிறந்துவிட்டது. அதில் கோப்பு முறைமை அமைத்து, மவுண்ட் செய்து (ஒரு கோப்புறையில் இணைத்து), சில கோப்புகளைப் போட்டு, ஷா256சம் கட்டளையால் அவற்றின் கைரேகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு லூப்பைப் பழுதானதாக அறிவித்து, நீக்கி, மறுபடி சேர்த்து, கைரேகை மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டளைகள் கீழே வரும். பழகி முடிந்ததும் அன்மவுண்ட் செய்து, எம்டிஏடிஎம் கருவியின் ஸ்டாப் விருப்பத்தால் தொகுப்பை நிறுத்தி, லோசெட்டப்பின் டிடாச் விருப்பத்தால் லூப்புகளைக் கழற்றிவிடலாம். சர்வர் நின்றுபோன நடுஇரவில் முதன்முதலாகக் கையேட்டுப் பக்கத்தைப் படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த வட்டு எது

எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் வட்டுக்குச் சொந்தமானவை அல்ல. கர்னல் விழிக்கும்போது கண்ட வரிசையில் அவை தரப்படுகின்றன. மறுதொடக்கத்துக்குப் பின், அல்லது ஒரு வட்டைச் சேர்த்தோ நீக்கியோ தொடங்கும்போது, நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகிவிடலாம். மாறாதது தொடர் எண் ஒன்றுதான். வட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சாகியிருப்பதும் அதே எண்தான்.

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,மவுண்ட்பாயிண்ட்

இந்த வரி எல்லா வட்டுகளையும் அவற்றின் அளவு, மாதிரி, தொடர் எண், மவுண்ட் ஆகியுள்ள இடம் ஆகியவற்றோடு பட்டியலிடும். 4 டிபி என்று விற்கப்பட்ட வட்டு இங்கே 3.6 என்று தெரிவதைக் கண்டு ஏமாந்துவிட்டதாக எண்ண வேண்டாம். விற்பவர் ஆயிரத்தின் பெருக்கத்திலும், இந்தக் கட்டளை 1024இன் பெருக்கத்திலும் கணக்கிடுகின்றன. மவுண்ட்பாயிண்ட் நிரலில் எதுவும் இல்லாத வட்டுகளே நம் வேலைக்கு உரியவை. அப்படியிருந்தும், அதன்மேல் வட்டு இடத்தைப் பிரித்தாளும் எல்விஎம் போன்ற வேறு அடுக்கு ஏதும் அமர்ந்திருக்கிறதா என்று பட்டியலின் கிளைகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நான் வற்புறுத்துவது ஒரு துண்டுச் சீட்டை. சர்வரை நிறுத்தியிருக்கும்போதே ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணில் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி, வட்டுத் தட்டின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல், மேலிருந்து கீழாக எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்றுதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் நடுத்தட்டை இழுத்தேன். செத்த வட்டு அடித்தட்டில் இருந்தது. நான் இழுத்ததோ உயிரோடிருந்த ஒரே பிரதி. நல்லவேளையாக அந்தத் தொகுப்பில் அந்த நேரம் எழுதுவோர் யாரும் இல்லை. திரும்பச் செருகித் தொகுப்பைக் கையால் எழுப்பியபோது தரவு கிடைத்தது. அதன்பின் சீட்டு ஒட்டாத எந்த இயந்திரத்திலும் வட்டைத் தொடுவதில்லை.

சீட்டு இல்லாத பழைய சர்வர் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால், விளக்கைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். டிடி கட்டளையால் ஒரு வட்டை முழுதும் படித்து வெற்றுச் சாதனத்துக்கு அனுப்பினால், அந்த வட்டின் இயக்க விளக்கு இடைவிடாமல் மினுக்கும். செத்த வட்டைப் படிக்க முடியாது என்பதால் அதன் விளக்கு எரியாதே என்று கேட்கலாம். அப்போது நல்ல வட்டைப் படிக்கவிடுங்கள். எது மினுக்குகிறதோ அதைத் தொடாதீர்கள்.

வட்டின் உடல்நிலையையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை -ஏ விருப்பத்தோடு ஓட்டினால் வரும் நீண்ட அட்டவணையில் புதியவர் கவனிக்க வேண்டியவை மூன்று வரிகள்: 5, 197, 198 என்று எண்ணிட்டவை. முதலாவது, பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் (வட்டின் சிறு தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. மூன்றாவது, சோதனையில் மீட்க முடியாதவை என்று தேறியவை. புதிய வட்டில் மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு வட்டுகளையும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், வெவ்வேறு உற்பத்தித் தொகுதியிலிருந்து வாங்குங்கள். ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே உழைத்தவை ஒன்றாகவே சாகும் வாய்ப்பு உண்டு.

பார்ட்டிஷனும் ஓரத்தில் விடும் இடமும்

வட்டை முழுமையாகவே தொகுப்பில் சேர்க்க எம்டிஏடிஎம் அனுமதிக்கும். ஆனால் ஒரு பார்ட்டிஷன் (வட்டில் வகுத்த பகுதி) போட்டு அதைச் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம் இரண்டு. பார்ட்டிஷன் இல்லாத வட்டை வேறு ஏதேனும் மென்பொருளோ, அவசரத்தில் இருக்கும் வேறொரு நிர்வாகியோ வெற்று வட்டு என்று கருதி எழுதிவிடக்கூடும். அத்துடன், கடைசியில் சிறிது இடத்தைக் காலியாக விட பார்ட்டிஷன் வழி செய்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து மாற்று வட்டு வாங்கும்போது, அதே 4 டிபி என்று சொல்லப்பட்டாலும் அது பழையதைவிடச் சில செக்டர்கள் குறைவாக இருந்துவிட்டால், எம்டிஏடிஎம் அதைச் சிறியது என்று சொல்லி ஏற்க மறுத்துவிடும்.

முன்பு வேறு வேலையில் இருந்த வட்டானால், முதலில் வைப்எஃப்எஸ் கட்டளையை ஆல் விருப்பத்தோடு அதன்மீது ஓட்டிப் பழைய அடையாளங்களை அழியுங்கள். அழிக்கும் முன் அதே கட்டளையை எந்த விருப்பமும் இன்றி ஓட்டினால், என்னென்ன அடையாளங்கள் இருக்கின்றன என்று பட்டியலை மட்டும் காட்டும். அதைப் படித்துவிட்டு அழிப்பது நல்ல பழக்கம். பிறகு:

எஸ்ஜிடிஸ்க் --நியூ=1:0:-100எம் --டைப்கோட்=1:எஃப்டி00 /டெவ்/எஸ்டிபி

இதில் எம் மட்டும் பேரெழுத்து. முதல் பார்ட்டிஷனைத் தொடக்கத்திலிருந்து, முடிவுக்கு 100 எம்பி முன்பு வரை உருவாக்கி, அதற்கு லினக்ஸ் ரெய்ட் என்ற வகைக்குறியை இடுவதே இவ்வரியின் பொருள். எஸ்ஜிடிஸ்க் எழுதுவது ஜிபிடி என்ற வகைப் பார்ட்டிஷன் அட்டவணை. பழைய எம்பிஆர் அட்டவணைக்கு 512 பைட் செக்டர் உள்ள வட்டில் சுமார் 2 டிபிக்கு மேல் எட்டாது என்பதால், இன்றைய வட்டுகளுக்கு ஜிபிடியே பொருத்தம். இதே வரியை எஸ்டிசிக்கும் ஓட்டுங்கள். என்விஎம்இ வட்டுகளில் பார்ட்டிஷன் பெயருக்கு நடுவே ஒரு பி எழுத்து வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிரர் பிறக்கும் வரி

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 --பிட்மேப்=இண்டர்னல் /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1

லெவல் 1 என்பது மிரர். இண்டர்னல் பிட்மேப் என்பது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பகுதிகளின் குறிப்பேடு. மின்சாரம் திடீரென நின்றாலோ, ஒரு வட்டின் கேபிள் சற்றுநேரம் கழன்று மீண்டாலோ, முழு வட்டையும் ஒப்பிடாமல் குறிப்பேட்டில் குறியிட்ட பகுதிகளை மட்டும் சரிசெய்துகொள்ள இது உதவுகிறது. 100 ஜிபிக்கு மேற்பட்ட தொகுப்புகளுக்கு எம்டிஏடிஎம் இதைத் தானே சேர்ப்பதுண்டு. இருந்தாலும் வெளிப்படையாக எழுதிவிடுவது மேல்.

கட்டளையை ஓட்டியதும் ஒரு எச்சரிக்கை வரும்: தொகுப்பின் குறிப்புகள் வட்டின் தொடக்கத்தில் இருப்பதால் இது பூட் செய்ய ஏற்றதாக இல்லாமல் போகலாம் என்று சொல்லித் தொடரவா என்று கேட்கும். இயல்பான 1.2 வடிவம் தன் குறிப்புகளைத் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதுவதால் வரும் கேள்வி இது. தரவு மட்டும் வைக்கும் மிரருக்கு ஆம் என்று பதில் தரலாம். ஆனால் அந்த வட்டுகளில் ஏற்கெனவே கோப்பு முறைமையோ பழைய ரெய்ட் குறிப்போ இருப்பதாக அதே இடத்தில் இன்னொரு வரி வந்திருந்தால் நிறுத்திவிடுங்கள். வெறுமையானது என்று நீங்கள் நினைத்த வட்டு வெறுமையாக இல்லை.

அடுத்து இதைப் பாருங்கள்:

கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

எம்டி0 என்று தொடங்கும் வரியில் ஆக்டிவ் ரெய்ட்1 என்றும், அடுத்து இரு பார்ட்டிஷன் பெயர்களும் இருக்கும். அதற்குக் கீழ்வரியின் முடிவில் [2/2] [யுயு] என்று இரண்டு அடைப்புகள். முதல் அடைப்பு, இருக்க வேண்டியவை இரண்டு, இருப்பவை இரண்டு என்கிறது. இரண்டாவதில் ஒவ்வொரு யு எழுத்தும் உயிரோடுள்ள ஒரு வட்டு. ஒன்று போனால் அந்த இடத்தில் ஒரு அடிக்கோடு மட்டும் நிற்கும்: [யு_]. சர்வரில் நுழைந்தவுடன் உங்கள் கண் தேட வேண்டியது இந்த அடிக்கோட்டைத்தான்.

இப்போது பின்னணியில் இரு வட்டுகளையும் ஒன்றுபோலாக்கும் ரீசிங்க் நடந்துகொண்டிருக்கும்; எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எத்தனை நிமிடம் என்பதும் அங்கேயே தெரியும். வினாடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் 4 டிபி வட்டுக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தொகுப்பை உடனே பயன்படுத்தலாம். நடுவில் முறையாக மறுதொடக்கம் செய்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். காத்திருக்கச் சலித்து, அஸ்யூம்-கிளீன் என்ற விருப்பத்தால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கலாம் என்ற யோசனையைச் சிலர் சொல்வார்கள். புதியவர் அதைத் தொடாமல் இருப்பதே நன்று.

மறுதொடக்கத்துக்குப் பின்னும் அதே பெயரில்

எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 /டெவ்/எம்டி0 என்ற கட்டளை கோப்பு முறைமையை அமைத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் விரும்புவோர் அதையும் பயன்படுத்தலாம். கவனிக்க வேண்டியது, கோப்பு முறைமையை எம்டி0மீதுதான் அமைக்க வேண்டும். எஸ்டிபி1மீது அமைத்தால் மிரரின் ஒரு பாதியை நீங்களே கெடுத்தவர் ஆவீர்கள்.

அடுத்து, தொகுப்பின் அடையாளத்தை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். டெபியன், உபுண்டு வகையில் அது /இடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப், ஃபெடோரா, ரெட் ஹேட் வகையில் இடைக்கோப்புறை இன்றி /இடிசி/எம்டிஏடிஎம்.கான்ஃப்.

எம்டிஏடிஎம் --டீட்டெய்ல் --ஸ்கேன் | டீ -ஏ /இடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப்

சூடோவைக் குழாய்க்குறிக்கு இருபுறமும் எழுத வேண்டும். வழக்கமான இரட்டைக் கோணக்குறியால் கோப்பில் சேர்க்க முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். ஏனெனில் சூடோ கட்டளையை மட்டுமே ரூட்டாக ஓட்டுகிறது, கோப்பைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல். டீ கட்டளையின் -ஏ விருப்பத்தை மறந்தால் கோப்பில் முன்பிருந்தவை அழிந்துவிடும். இதே வரியை இரண்டாம் முறை ஓட்டினால் ஒரே தொகுப்பு இரண்டு முறை பதிவாகும். ஓட்டியபின் கோப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை -யு விருப்பத்தோடும், ரெட் ஹேட் வகையில் டிராகட் கட்டளையை -எஃப் விருப்பத்தோடும் ஓட்டுங்கள். தொடக்க நேரத்தில் கர்னல் படிக்கும் சிறுபொதிக்குள் புதிய அமைப்புக் கோப்பு போய்ச் சேர்வதற்காக இது. இதைத் தவறவிட்டவர்கள்தான் மறுதொடக்கத்துக்குப் பின் எம்டி0 காணாமல் போய் எம்டி127 என்ற பெயர் முளைத்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள். தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெயர்தான் மாறியிருக்கும்.

தொடக்கத்தில் எவை மவுண்ட் ஆக வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் சாதனப் பெயரை எழுதாமல் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணை எழுதுங்கள். இங்கே புதியவரைக் குழப்பும் பொறி ஒன்று உண்டு. பிஎல்கேஐடி கட்டளையின் வெளியீட்டில் எஸ்டிபி1, எஸ்டிசி1 இரண்டும் ஒரே யுயுஐடியைக் காட்டும். அவற்றின் வகை லினக்ஸ் ரெய்ட் மெம்பர் என்றிருக்கும். அது தொகுப்பின் அடையாளம். எம்டிஏடிஎம் அதையே முக்காற்புள்ளிகள் இட்டுக் காட்டும். எஃப்எஸ்டேபுக்குத் தேவை இவை எதுவும் அல்ல. எம்டி0 என்ற வரியில் இஎக்ஸ்டி4 வகையோடு வரும் யுயுஐடிதான். அதோடு நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், தரவுத் தொகுப்பு எழவில்லை என்பதற்காகச் சர்வர் பாதிவழியில் நின்று அவசர நிலைக்குப் போகாது.

ஆனால் நோஃபெயிலுக்கு ஒரு விலை உண்டு. தொகுப்பு மவுண்ட் ஆகாத நாளில், அந்தக் கோப்புறையில் எழுதும் மென்பொருள்கள் எதையும் அறியாமல் ரூட் வட்டிலேயே எழுதி அதை நிரப்பிவிடும். மவுண்ட் செய்வதற்கு முன், வெற்றுக் கோப்புறையாக இருக்கும்போதே, சிஹெச்அட்ர் கட்டளையால் +ஐ என்ற பண்பை அதற்கு இட்டுவிட்டால் அதில் யாராலும் எழுத முடியாது. மவுண்ட் ஆனபின் இயல்பாக எழுதலாம்.

சாவுச் செய்தி யாருக்கு வரும்

மிரரில் ஒரு வட்டு செத்தால் பயனாளர் எவருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்காகத்தானே அமைத்தோம்! ஆனால் நிர்வாகிக்கும் தெரியாமல் போனால், அன்றிலிருந்து நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது ஒற்றை வட்டுச் சர்வர். எனக்குக் கைமாறி வந்த ஒரு சர்வரில் எம்டிஸ்டாட்டைப் பார்த்தபோது அடிக்கோடு நின்றது. கர்னல் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். அந்த வட்டு விலகிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அத்தனையும் அதே இயந்திரத்தில் ரூட்டின் அஞ்சல் பெட்டியில் ஒழுங்காகக் குவிந்திருந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பில் மெயில்ஏடிடிஆர் என்ற சொல்லைப் பேரெழுத்துகளில் எழுதி, அதன் பக்கத்தில் நீங்கள் தினமும் திறக்கும் முகவரியைத் தாருங்கள். சர்வரிலிருந்து வெளியே மின்னஞ்சல் போகும் வசதி இல்லையென்றால், அதே கோப்பில் புரோகிராம் என்ற சொல்லோடு ஒரு ஸ்கிரிப்டின் பாதையைத் தரலாம். அது உங்கள் அரட்டைச் செயலிக்கோ கண்காணிப்பு அமைப்புக்கோ செய்தி அனுப்பட்டும். எம்டிமானிட்டர் சேவை ஓடுகிறதா என்று சிஸ்டம்சிடிஎல் கொண்டு பார்த்துவிட்டுச் சோதனைச் செய்தியை அனுப்புங்கள்:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்

செய்தி கைபேசிக்கு வந்து சேர்ந்தால்தான் இந்தப் படி முடிந்தது. கட்டளை பிழையின்றி ஓடியது என்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

தரவு வைப்பதற்கு முன் ஒருமுறை கொன்று பாருங்கள்

ரீசிங்க் முடிந்து, முக்கியமான தரவு எதுவும் ஏறாத இந்த நேரமே ஒத்திகைக்கு உரியது.

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/எஸ்டிசி1

எம்டிஸ்டாட்டில் எஸ்டிசி1 பக்கத்தில் அடைப்புக்குள் எஃப் எழுத்தும், வரி முடிவில் [2/1] [யு_] என்பதும் வரும். சில நொடிகளில் எச்சரிக்கைச் செய்தியும் வர வேண்டும். கோப்புகள் திறக்கின்றனவா, புதிதாக எழுத முடிகிறதா என்று பாருங்கள். பின்பு அதே வடிவில் ரிமூவ் விருப்பத்தால் நீக்கி, ஆட் விருப்பத்தால் மறுபடி சேருங்கள். பிட்மேப் இருப்பதால், நீக்கியிருந்த இடைவெளியில் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகிச் சில வினாடிகளில் [யுயு] திரும்பிவிடும்.

இன்னும் ஒருபடி மேலே போக விரும்பினால், சர்வரை நிறுத்தி, ஒரு வட்டின் கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். விடுபட்ட வட்டுக்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு ஒற்றைக் காலில் தொகுப்பு எழும். கேபிளை மீண்டும் மாட்டித் தொடங்கினால் அந்த வட்டு தானாகச் சேராமல் ஒதுங்கியே நிற்கக்கூடும். அதன் குறிப்பில் உள்ள நிகழ்வு எண் பின்தங்கியிருப்பதால் கர்னல் அதைப் பழையது என்று சரியாகவே கருதுகிறது. ஆட் கட்டளையால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

உண்மையில் பழுதாகும் நாள்

அவசரப்படாதீர்கள். முதல் வேலை பேக்கப்பைப் புதுப்பிப்பது. மாற்று வட்டைச் சேர்த்ததும் உயிரோடுள்ள ஒரே வட்டு தொடக்கம் முதல் முடிவுவரை படிக்கப்படும். அதில் மறைந்திருந்த பழுதெல்லாம் வெளிவரும் நேரம் அதுதான்.

பழுதான பார்ட்டிஷனை ஃபெயில், ரிமூவ் செய்யுங்கள். வட்டு முற்றிலும் மறைந்து பெயரே இல்லாமல் போயிருந்தால், ரிமூவ் விருப்பத்தின் பக்கத்தில் சாதனப் பெயருக்குப் பதிலாக டிடாச்ட் என்ற சொல்லை எழுதினால் போதும். செத்த வட்டின் தொடர் எண்ணைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்து, தட்டில் ஒட்டிய சீட்டோடு ஒப்பிட்டு, பின்னர் கழற்றுங்கள். புதிய வட்டு எஸ்டிடி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நல்ல வட்டின் பார்ட்டிஷன் அட்டவணையை அதற்கு நகலெடுக்க வேண்டும்:

எஸ்ஜிடிஸ்க் --ரெப்ளிகேட்=/டெவ்/எஸ்டிடி /டெவ்/எஸ்டிபி

இவ்வரியை இரண்டு முறை படியுங்கள். சமக்குறியை ஒட்டி வருவது நகல் போய்ச் சேரும் புதிய வட்டு. கடைசியில் தனியாக நிற்பது மூலம். இயல்பாக நாம் நினைக்கும் வரிசைக்கு நேர் தலைகீழ். மாற்றி எழுதினால் புதிய வட்டின் வெற்று அட்டவணை, எஞ்சியிருக்கும் ஒரே நல்ல வட்டின்மேல் ஏறிவிடும். நகல் முடிந்ததும் எஸ்டிடிமீது ரேண்டமைஸ்-கைட்ஸ் விருப்பத்தை ஓட்டி, இரு வட்டுகளுக்கும் ஒரே அடையாள எண் இல்லாதபடி செய்யுங்கள். அடுத்து எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிடி1. இம்முறை முழு நகல் என்பதால் மணிக்கணக்கில் ஆகும்.

வட்டு இன்னும் சாகவில்லை, 197ஆம் வரியின் எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. சர்வரில் மூன்றாவது வட்டுக்கு இடமிருந்தால், புதியதை முதலில் ஆட் செய்து, பிறகு ரிப்ளேஸ், வித் என்ற இரு விருப்பங்களால் பழையதன் இடத்தைப் புதியது எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நகல் முடியும்வரை பழையதும் வேலையில் இருப்பதால், மிரர் ஒரு கணமும் ஒற்றைக் காலில் நிற்காது.

நாள்தோறும் ஓடும்போது

மாதம் ஒருமுறையாவது இரு பிரதிகளையும் முழுதாகப் படித்து ஒப்பிட வேண்டும். யாரும் திறக்காத பழைய கோப்புகள் உள்ள பகுதியில் செக்டர் கெட்டால், மற்ற வட்டு சாகும் நாள்வரை அது தெரியவராது. டெபியனில் இந்தச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானே ஓடும். கையால் ஓட்டுவதானால், /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி கோப்புறையில் உள்ள சிங்க்_ஆக்‌ஷன் கோப்பில் செக் என்ற சொல்லை எழுதினால் போதும். முடிந்ததும் அங்கேயே மிஸ்மேட்ச்_சிஎன்டி கோப்பைப் பாருங்கள். சுழியம் நல்லது. ஸ்வாப் வைத்திருக்கும் மிரரில் சிறிய எண் வருவது தீங்கற்றதாகவும் இருக்கலாம். மற்ற இடங்களில் வந்தால் கேபிள், நினைவகம் இரண்டையும் சந்தேகியுங்கள்.

இங்கே எம்டியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். இரு பிரதிகள் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புக் கூட்டு வைத்திருக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகளுக்குத் தெரியும். இசட்எஃப்எஸ்ஸின் இசட்பூல் கிரியேட் கட்டளையில் மிரர் என்ற சொல்லைச் சேர்த்தால் அங்கேயும் இதே ஏற்பாடு கிடைக்கும். மௌனமாகத் தரவு சிதைவது உங்கள் கவலையென்றால் அவற்றை நாடுங்கள். எளிமையும், எந்த லினக்ஸிலும் கிடைப்பதும் முக்கியமென்றால் எம்டிஏடிஎம் போதும்.

மேசைக்கணினிக்கென்று விற்கப்படும் வட்டுகளைச் சர்வரில் போட்டிருப்பவர்கள் மட்டும் மேலும் ஒன்றைச் செய்ய வேண்டும். கெட்ட செக்டரைப் படிக்க அவ்வகை வட்டுகள் நிமிடத்துக்கும் மேலாகப் போராடக்கூடும். கர்னலோ இயல்பாக 30 வினாடிதான் பொறுக்கும். பொறுமை தீர்ந்து கர்னல் வட்டை மீட்டமைக்க, ஒரே ஒரு செக்டருக்காக முழு வட்டும் தொகுப்பிலிருந்து வெளியேற்றப்படலாம். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 என்று கொடுத்தால், ஏற்கும் வட்டுகள் 7 வினாடியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும். மிரர் உடனே மறுபிரதியிலிருந்து படித்துக் கெட்ட இடத்தில் திரும்ப எழுதிவிடும். மின்சாரம் நின்றால் இந்த அமைப்பு மறைந்துவிடும் என்பதால் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். வட்டு இதை ஏற்க மறுத்தால், /சிஸ்/பிளாக் கீழ் அந்த வட்டின் டிவைஸ் கோப்புறையில் உள்ள டைம்அவுட் எண்ணை 180 ஆக உயர்த்துங்கள்.

இவ்வளவும் தரவு வட்டுகளுக்கு. இயங்குதளமே மிரரில் இருக்க வேண்டுமானால், நிறுவும்போதே நிறுவியின் பார்ட்டிஷன் திரையில் அமைத்துக்கொள்வது எளிது. அங்கே மறக்கக் கூடாதது இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர். அந்தப் பூட்லோடரான கிரப்பை இரண்டு வட்டுகளிலும் நிறுவ வேண்டும். யுஇஎஃப்ஐ இயந்திரமானால் அதன் பூட் பார்ட்டிஷனை எம்டி அறியாத ஃபர்ம்வேர் நேரடியாகப் படிக்கிறது. ஆகவே இரண்டாவது வட்டிலும் அதற்கு ஒரு பிரதி வைத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கொண்டு அதையும் பட்டியலில் சேர்த்து, முதல் வட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை சர்வரைத் தொடங்கிப் பாருங்கள்.